களியக்காவிளை வழியாக ஒரு பிரெஞ்சு வகுப்பு

சென்னைக்குப் படிக்கப் போன முதல் வாரம். விடுதியில் சாப்பிட உட்கார்ந்ததும், "அண்ணே, கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டேன். பரிமாறியவர் புரியாமல் நின்றார். பக்கத்தில் இருந்தவன் "மழை வெள்ளமா?" என்று கேட்டுச் சிரித்தான். எங்கள் குமரி மாவட்டத்தில், விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். நான் பேசியது பிழையான தமிழ் என்று அன்றைக்கு நானே நம்பிவிட்டேன். பல மாதங்கள் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

அப்புறம் ஒருநாள் பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை பலகையில் ஒரு சொல்லை எழுதினார்: தெஜெனே. பாரீசில் இது மதியச் சாப்பாடு. கனடாவின் கியூபெக்கிலும் பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் இது காலைச் சாப்பாடு. "எது மேடம் சரி?" என்று ஒரு மாணவி கேட்டாள். "எந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?" என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். எனக்கு உடனே அந்த விடுதிச் சாப்பாட்டு அறை ஞாபகம் வந்தது. பிரெஞ்சு மீது எனக்கு உண்மையான பிடிப்பு வந்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

இந்த வருடம் என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, "மாமா, பிரெஞ்சு எடுத்து டிகிரி படிக்கட்டா?" என்று கேட்டாள். அத்தானுக்கு ஆச்சரியம். "அது மார்க் வாங்குற பாடம்லா, அதுல என்ன டிகிரி?" என்றார். மார்த்தாண்டத்தில், நாகர்கோவிலில், தக்கலையில் யாரிடம் கேட்டாலும் அநேகமாக இதே பதில்தான் வரும். அவருக்குச் சொன்ன விளக்கத்தைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அத்தான் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் படிப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பகுதி ஒரு மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம். முதல் பகுதியில் தமிழுக்குப் பதிலாக மலையாளமோ இந்தியோ பிரெஞ்சோ எடுக்கலாம், கல்லூரியில் ஆசிரியர் இருந்தால். மேல்நிலைப் பள்ளியிலும் இந்த வசதி உண்டு. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதனால் மாறுகிற பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் மாறுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான தாள் என்பதால் கேள்விகள் எளிது. பதில்களை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். இரண்டு வருடம் படித்த பிறகும் ஒரு கடைக்குள் போய் விலை கேட்கத் தெரியாது. பிள்ளைகள் மேல் குறை இல்லை. தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர்கள் படிப்பார்கள். ஆனால் ஒரு மொழி முழுவதையும் மதிப்பெண் பட்டியலில் ஓர் எண்ணாக மட்டுமே ஊர் அறிந்திருப்பது வருத்தமான விஷயம்.

முதன்மைப் பாடமாகப் படிப்பது வேறு காரியம். முதல் வருடம் முழுக்க மொழிதான். காது, வாய், கை மூன்றுக்கும் பயிற்சி. பிரெஞ்சு கஷ்டம் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எழுதிய எழுத்தில் பாதியை வாசிப்பதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

பிரெஞ்சில் பன்மைக்கு முன்னால் வரும் சிறு சொல் 'லே'. எழுதும்போது கடைசியில் ஒரு எஸ் உண்டு, தனியாகச் சொல்லும்போது அது ஒலிக்காது. நண்பர்கள் என்பதற்கு 'அமி'. இரண்டும் சேரும்போது 'லே அமி' என்று வருவதில்லை. தூங்கிக்கொண்டிருந்த எஸ் எழுந்து 'லேஸமி' ஆகிறது. அடுத்த சொல் உயிரெழுத்து ஒலியில் தொடங்கினால் மட்டுமே இப்படி நடக்கும். நிலைமொழி ஈறு, வருமொழி முதல் என்று எட்டாம் வகுப்பிலேயே நாம் படித்த அதே கணக்கு. இன்னொன்று இதைவிட அழகானது. 'இருக்கிறது' என்பதற்கு 'இல் இ ஆ' என்ற மூன்று சிறு சொற்கள் சேர்ந்து 'இலியா' என்று வரும். அதையே கேள்வியாக்கச் சொற்களை மாற்றிப் போட்டால் 'ஆ'வும் 'இல்'லும் பக்கத்தில் வந்து இரண்டு உயிர்கள் மோதுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் ஒரு 'த்' போட்டு 'இயாத்தில்' என்கிறார்கள். இன்றைய எழுத்தில் அந்த 'த்' முன்சொல்லுக்கும் சொந்தமில்லை, பின்சொல்லுக்கும் சொந்தமில்லை. மணி, அழகு இரண்டும் சேரும்போது மணியழகு என்று ஒரு 'ய்' வருகிறதே, பலாவிலை என்னும்போது ஒரு 'வ்' வருகிறதே, அந்த உடம்படுமெய் பார்க்கிற வேலையைத்தான் இதுவும் பார்க்கிறது. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சைச் சொல்லிக்கொடுக்கும்போது இது விளங்காத விதிவிலக்காகத் தெரிகிறது. தமிழ் வழியாகச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூக்கொலிகளும் அப்படித்தான். 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி 'ம்'முக்கு உதடு சேர்வதில்லை, ஒலி மூக்கில் கரைந்துவிடுகிறது. 'வந்தான்' என்பதன் கடைசி 'ன்'னும் பேச்சில் அப்படியே. பிரெஞ்சில் 'நல்ல' என்பதற்கும் 'ரொட்டி' என்பதற்கும் உள்ள சொற்கள் இதே மூக்கொலியில்தான் முடிகின்றன. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டாம். எது நமக்கு உண்மையில் கஷ்டம் என்றால், பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், சூரியன் ஆண்பால், கடல் பெண்பால். அஃறிணை என்று ஒதுக்கிவைக்க அங்கே இடமே இல்லை. எல்லாப் பெயர்ச்சொல்லையும் பாலோடு சேர்த்து மனதில் ஏற்றவேண்டும். கடலுக்கு மட்டும் குளச்சல், முட்டம் கரைப் பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்காது. கடல் 'ல மேர்', அம்மாவும் 'ல மேர்'. எழுத்து வேறு, ஒலி ஒன்று. கடலம்மா என்று சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள்.

இரண்டாம் வருடத்திலிருந்து இலக்கியம் கனமாக வரும். மொலியேர், ரசீன், வோல்தேர், ருசோ, யூகோ, ஃப்ளோபேர், பொதலேர் என்று நூற்றாண்டு வாரியாக ஒரு வரிசை உண்டு. அதோடு பிரான்சின் வரலாறு, ஆட்சிமுறை, சமூகம் பற்றி ஒரு பாடம், இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பு, ஒலியியல். இவற்றைப் பாடத்திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல விரும்புவது வாசிக்கிற முறையைப் பற்றி. ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அதிலேயே இருப்பது பிரெஞ்சுக் கல்வியின் பழக்கம். இந்தச் சொல் ஏன் இங்கே, இந்த வாக்கியம் ஏன் குட்டையாக நின்றுவிட்டது, இந்தக் காலம் ஏன் என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்' என்று இதற்குப் பெயர். பரிமேலழகர் உரையோடு குறளைப் படித்தவர்களுக்கு இது பழகிய உட்கார்வுதான்.

ஓர் உதாரணம். ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' 1942-இல் வந்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கியிருப்பதால் நம்மில் பலர் வாசித்திருக்கிறோம். பிரெஞ்சில் கடந்த காலத்தைச் சொல்ல இரண்டு வழி. ஒன்று நாவலுக்கும் வரலாற்றுக்கும் உரிய எழுத்துவழக்கு, பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை. இன்னொன்று பேச்சில் வருவது. அதுவரை நாவல் என்றால் பெரும்பாலும் முதல் வகைதான். காம்யு தன் கதையைப் பேச்சுக்கால வடிவத்தில் எழுதினார். ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதோடு ஒட்டாமல் தனித்தனியாக நிற்கிற உணர்வு அதனால் வருகிறது. எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்று இரண்டையும் தினமும் கையாளும் நமக்கு, அந்தத் தேர்வு எவ்வளவு துணிச்சலானது என்று உடனே உறைக்கும்.

சரி, காம்யு எங்கே பிறந்தார்? 1913-இல், அல்ஜீரியாவில். கதை நடப்பதும் அங்கே. கதையில் கொல்லப்படுகிற அரபு மனிதனுக்குப் பெயர் கிடையாது. கடைசி வரை 'அரபு' மட்டும்தான். எழுபது வருடம் கழித்து, 2013-இல், கமெல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர், கொல்லப்பட்டவனின் தம்பி பேசுகிற மாதிரி ஒரு நாவல் எழுதினார். அண்ணனுக்கு மூசா என்று பெயர் வைத்தார். அதையும் பிரெஞ்சிலேயே எழுதினார். இந்த இரண்டு புத்தகத்தையும் ஒரே பருவத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற மாணவருக்கு, துறையின் பெயரில் 'பிரெஞ்சு இலக்கியம்' என்பதோடு 'பிராங்கோபோன்' என்ற சொல்லும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விளங்கிவிடும்.

அந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. ஒனேசிம் ரெக்லூ என்ற புவியியலாளர் 1880-இல் பிரெஞ்சு பேசும் மக்களைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். பிரெஞ்சுப் பேரரசு விரிந்துகொண்டிருந்த காலம். மனிதர்களை இனத்தால் பிரிக்காமல் மொழியால் கணக்கெடுத்தார் என்றாலும், அந்தக் கணக்கின் பின்னால் இருந்தது பேரரசுதான். சொல்லை மறுபடி எடுத்தவர்கள் விடுதலை பெற்ற நாடுகளின் தலைவர்கள்: செனகலின் செங்கோர், துனிசியாவின் புர்கிபா, நைஜரின் தியோரி. 1970 மார்ச் 20-இல் நைஜரின் தலைநகர் நியாமேயில் நாடுகள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கின. இன்றைய பிராங்கோபோன் நாடுகளின் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. 2022-இல் அந்த அமைப்பு சொன்ன கணக்கு, உலகில் 32 கோடிப் பேர் பிரெஞ்சு பேசுகிறார்கள் என்பது. அன்றாடம் அதில் பேசுகிறவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கர்கள். பிரெஞ்சு என்றதும் நம் மனதில் ஈபிள் கோபுரம் வருகிறது. எண்ணிக்கைப்படி பார்த்தால் ஆப்பிரிக்க நகரங்களான கின்ஷாசாவும் அபிஜானும்தான் வரவேண்டும். எல்லோரும் மனமொப்பி அந்தக் கூட்டில் இருக்கிறார்கள் என்றும் இல்லை. 2025 மார்ச்சில் மாலியும் புர்கினா பாசோவும் நைஜரும் விலகுவதாக அறிவித்தன. அமைப்பு பிறந்த ஊரே நைஜரில்தான் இருக்கிறது.

ஐவரி கோஸ்டின் அமாது குருமா 1968-இல் வெளியிட்ட முதல் நாவல், தன் தாய்மொழியான மலின்கேயின் ஓட்டத்தில் பிரெஞ்சை வளைத்து எழுதியது. பாரீசில் பதிப்பாளர் கிடைக்காமல் முதலில் கனடாவின் மொன்றியாலில் அச்சானது. இரண்டு வருடம் கழித்துத்தான் பாரீஸ் அதை எடுத்துக்கொண்டது. 'இது சரியான பிரெஞ்சு இல்லை' என்ற தீர்ப்பையும், 'வெள்ளமா?' என்ற சிரிப்பையும் நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன்.

செங்கோர் விஷயத்தில் நமக்கு இன்னும் நெருங்கிய ஒரு தொடர்பு உண்டு. கவிஞர், 1960 முதல் 1980 வரை செனகலின் குடியரசுத் தலைவர், பிரெஞ்சு அகாதெமியில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்கர். கரீபியன் தீவான மார்த்தினிக்கின் எமே செசேரோடு சேர்ந்து கறுப்பின மக்களின் தன்மதிப்பைப் பேசிய நெக்ரிட்யூட் இயக்கத்தை முன்னெடுத்தவர். அவருக்குத் திராவிட மொழிகள் மீது பெரும் ஆர்வம். 1974-இல் சென்னைக்கு வந்து நெக்ரிட்யூடும் திராவிடப் பண்பாடும் பற்றிப் பேசினார். அவர் நாட்டின் டக்கார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யப் போன தமிழறிஞர்களில் ஒருவர் க. ப. அறவாணன். அவர்தான் பின்னாளில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். குமரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் இணைந்திருக்கிற பல்கலைக்கழகம் அது. பட்டச் சான்றிதழில் அந்தப் பெயரைப் பார்க்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, அதன் துணைவேந்தர் ஒருவர் டக்காரிலிருந்து வந்தவர் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லவேண்டும்.

எல்லைப் பிரச்சினையையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது, மொழியை வைத்து. அதற்குச் சரியாக இரண்டு வருடம் முன், 1954 நவம்பர் 1-இல்தான் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியது. பெல்ஜியத்தில் பிரெஞ்சுக்கும் டச்சுக்கும் நடுவே மொழி எல்லைக் கோட்டை 1962-இல் சட்டமாகவே போட்டார்கள். 1968-இல் லூவென் பல்கலைக்கழகத்தையே மொழி வாரியாக இரண்டாக்கினார்கள். பிரெஞ்சுப் பகுதிக்காகப் புதிதாக ஒரு நகரமே கட்டவேண்டி வந்தது. கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1977. குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இந்தப் பாடங்களுக்குள் நுழையும்போது வேற்றாள் மாதிரி நுழையவேண்டியதில்லை.

பிரெஞ்சு உலகத்துக்குள் தமிழர்களே இருக்கிறார்கள். அடிமைமுறை 1848-இல் ஒழிந்ததும் பிரெஞ்சுத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் இந்தியப் பெருங்கடல் தீவான ரெயூனியனுக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் போனார்கள். ஒரெலி என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக்கிலும், 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. ரெயூனியனில் அவர்களின் வம்சத்தாரை மல்பார் என்கிறார்கள். கோவிலும் தீமிதியும் இன்றும் உண்டு. மொரீஷியஸ் கவிஞர் கல் தோராபுல்லி 'கூலி' என்ற சொல்லையே எடுத்து 'கூலிட்யூட்' என்று ஒரு கருத்தாக்கம் செய்தார். புதுச்சேரியின் அரி கோத்தியே 2018-இல் பிரெஞ்சில் வெளியிட்ட நாவலின் பெயர் 'லெ திண்ணை'. திண்ணைக்குப் பிரெஞ்சில் சொல் தேடாமல், முன்னால் ஆண்பால் சொல்லை மட்டும் சேர்த்திருக்கிறார். திண்ணையை நாம் எந்தப் பாலில் வைப்போம் என்று யோசித்துப் பார்த்தேன். என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து இயங்கும் காலச்சுவடு பதிப்பகம், 2008-இல் நோபல் பரிசு பெற்ற லெ கிளேஸியோ உட்படப் பிரெஞ்சு எழுத்தாளர்களை நேரடி மொழிபெயர்ப்பில் கொண்டுவந்திருக்கிறது. ஆங்கிலம் வழியாக வராமல் மூலத்திலிருந்து வருவதற்கு ஆட்கள் வேண்டும். இரண்டு மொழியிலும் கால் ஊன்றியவர்கள் இன்றைக்கும் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரிக்காரர்கள். குமரியின் தமிழோடு ஒருவர் அந்த வேலைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை.

சரி, எங்கே படிப்பது? முதன்மைப் பாடமாகப் படிக்க அநேகமாக மாவட்டம் தாண்டித்தான் போகவேண்டும். பிளஸ் டூ முடித்து, பிரெஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியாமல் சேரலாம் என்பது தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் உள்ள வசதி. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். வேறு ஏதாவது பட்டம் வாங்கிக்கொண்டே பக்கத்தில் பிரெஞ்சை வளர்த்து, பிறகு எம்.ஏ.வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கோ போவது இன்னொரு வழி. அதற்கு அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் ஒன்று வேண்டும்; நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரத்தில். தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாக அளக்கிறார்கள். பி2 வரை போக ஐந்நூறு, அறுநூறு மணிநேரம் ஆகும். கல்லூரியின் முதல் பகுதிப் பாடம் அதில் முதல் இரண்டு படியைத் தாண்டாது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் கேட்பது பெரும்பாலும் பி2.

வேலை பற்றி அத்தானுக்குச் சொன்னதையே சொல்கிறேன். பள்ளி ஆசிரியர், நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், சென்னையிலும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு பேசும் பணிகள். கனடா 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனியாகவே குடியேற்ற அழைப்பு விடுகிறது. பிரான்ஸ் 2030-க்குள் வருடம் முப்பதாயிரம் இந்திய மாணவர்களை வரவழைக்க இலக்கு வைத்திருக்கிறது. பி1-இல் நின்றுவிட்டவர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை எளிதில் திறக்காது. நர்சிங் படித்துவிட்டுப் பிரெஞ்சையும் சேர்த்துக்கொண்டால் உடனே பயன்படும், ஆனால் இலக்கியம் படிக்க விரும்புகிற பிள்ளையை அதற்காக நர்சிங்குக்குத் திருப்பவேண்டாம் என்றும் சொன்னேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை. அக்காதான் "சனி, ஞாயிறு வகுப்புக்கு முதல்ல போகட்டும், பாப்போம்" என்றாள்.

இப்போது அவள் நாகர்கோவிலில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள், சனிக்கிழமை காலை மார்த்தாண்டத்தில் திருவனந்தபுரம் பஸ் ஏறுகிறாள். போன வாரம் நானும் கூடப் போனேன். குழித்துறை தாண்டி, கேரள எல்லையான களியக்காவிளையில் ஆள் ஏறி இறங்க, பஸ்ஸுக்குள் பேச்சு தமிழிலிருந்து மலையாளத்துக்கு எந்த இடத்தில் மாறியது என்று கவனித்துக்கொண்டே வந்தேன், பிடிபடவில்லை. அவள் மடியில் வீட்டுப்பாட நோட்டு. 'இயாத்தில்' என்ற கேள்வியைப் பத்து முறை எழுதி, நடுவில் வரும் 'த்'துக்கு அடியில் ஒவ்வொரு முறையும் பென்சிலால் 'உ.மெ.' என்று குறித்து வைத்திருந்தாள். பாறசாலை வந்ததும் பாட்டிலை எடுத்து நீட்டி, "மாமா, வெள்ளம் வேணுமா?" என்றாள்.